வாத்து எண்ணலாம் வாங்க!

மார்கழி லீவுல என்ன ப்ளான்? ஒன்பது மணி வரைக்கும் போர்வை, அப்புறம் மொபைல்... அதானே? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அஞ்சு மணிக்கு எழுந்திருங்க. திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்கள்னா இன்னும் வசதி. சைபீரியா பக்கத்து விருந்தாளிங்க உங்க ஊர் ஏரிக்கே வர்ற சீசன் இது!

தேவிகாபுரத்தையே எடுத்துக்குங்க. போளூர் - சேத்துப்பட்டு ரோட்டுல இருக்கிற பட்டு நெசவு ஊர். தறிக்குப் பறவை ஒண்ணும் புதுசில்லை. சேலை பார்டர்ல அன்னபட்சி, இருதலைப்பட்சி, மயில்னு ஒரு சரணாலயமே ஓடும். பாவம், ஏரியில மிதக்கிற வாத்தை மட்டும் யாரும் கண்டுக்கிறதில்லை.

இங்கேருந்து போளூர், சந்தவாசல் வழியா படவேடு போய், இன்னும் கொஞ்சம் உள்ளே போனா ஜவ்வாது மலையடிவாரத்துல செண்பகத்தோப்பு அணை. கமண்டல நாகநதிக்குக் குறுக்கே, சுமார் 62 அடி உயரம். போற எல்லாரும் ஷட்டர் பக்கம் செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. அங்கே தண்ணி ஆழம். முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும்தான் அது லாயக்கு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் முங்காது. தலையை மட்டும் தண்ணிக்குள்ள விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கிக்கிட்டு மேயற கோஷ்டி. பார்த்தா சிரிப்பு வரும். தட்டைவாயனோட அலகு ஓரத்துல சீப்பு மாதிரி பல் வரிசை உண்டு. தண்ணியை வெளியே தள்ளிட்டு, புழு பூச்சி விதையை மட்டும் வடிகட்டி எடுத்துக்கும். பக்கா ஃபில்டர் டிசைன்!

அதனால ஆழம் குறைஞ்ச ஓரங்களைத் தேடுங்க. பொங்கல் நெருங்கி, தண்ணி வடிஞ்சு சேறு தெரிய ஆரம்பிச்சா இன்னும் அமர்க்களம். உள்ளான்களும் வாலாட்டிகளும் வந்து இறங்கும். அணையைத் தாண்டின காட்டுப் பகுதிக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையாதீங்க. கரையில இருந்தே பைனாகுலர் போதும். '8 x 42'ன்னு போட்டிருந்தா, 8 மடங்கு பெருசாக்கும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர்னு அர்த்தம். 42-ஐ எட்டால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையோட அகலம், 5.25 மி.மீ. (சாரி, இன்ஜினீயரிங் புத்தி!) சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி நின்னுக்குங்க. இல்லேன்னா எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

திரும்பி வர்றப்போ கரன்ட் கம்பியையும் பாருங்க. பனங்காடை உட்கார்ந்திருந்தா, பழுப்பா டல்லாதான் தெரியும். பறக்கட்டும்... றெக்கையில எம்.எஸ். ப்ளூவும் ஆனந்தா ப்ளூவும் பக்கத்துப் பக்கத்துல! பட்டு நெய்யற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விஷயம் என்னன்னா, இந்தப் பனங்காடையே குறைஞ்சுட்டு வருது. நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் 'ஈபேர்ட்'ல பதிஞ்ச கணக்கை வெச்சு 2023-ல ஓர் அறிக்கை வந்துச்சு. அலசின 942 இனங்கள்ல 178-க்கு உடனடி அக்கறை தேவையாம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும்கூட சரிவுலதான் இருக்கு. கணக்குக் கொடுத்தவங்கள்ல நிறைய பேர் சும்மா லீவுல எண்ணின நம்மள மாதிரி ஆட்கள். ஆனா எல்லாரும் வேடந்தாங்கல், பழவேற்காடுன்னு கிளம்பிடுறாங்க. பேர் தெரியாத ஏரியில நாலு வாத்து இருந்துச்சா, நாற்பதா? எழுதி வைக்கலைன்னா, நாளைக்கு அந்த ஏரி தூர்ந்துபோச்சுன்னா எதைக் காட்டிக் கேட்பீங்க?

வேடந்தாங்கல்காரங்க இதுல கில்லாடிங்க. 1790-கள்லேயே, பறவைகளைச் சுட்ட வெள்ளைக்கார சிப்பாய்கள் மேல செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, 'சுடக் கூடாது'ன்னு எழுதியே வாங்கிட்டாங்க. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். யாராவது விடுவாங்களா? 2022-ல அந்த ஏரி ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு.

நீங்க கலெக்டரைப் பார்க்க வேண்டாம். கால் மணி நேரம் ஒரே இடத்துல நின்னு, என்ன பறவை, எத்தனைன்னு எண்ணி 'ஈபேர்ட்'ல போட்டா போதும். ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில காலேஜுக்குன்னே கேம்பஸ் கணக்கெடுப்பு. ரெண்டுமே நாலு நாள்தான். பேர் தெரியாத பறவையை அடிச்சு விடாதீங்க. போட்டோ எடுத்து விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. வாத்தே இல்லாத ஏரின்னாலும், இருந்த காக்காவையும் கொக்கையும் எண்ணிப் பதிஞ்சுடுங்க. வாத்து வரலைங்கிறதும் ஒரு தகவல்தான்.

அப்புறம், பளீர்னு சிவப்பு டி-ஷர்ட் போட்டுட்டுப் போகாதீங்க பாஸ்!