வீட்டுக்கு வீடு ஒரு பெப்பர்மின்ற் எண்ணெய்ப் போத்தல்

குளிர்காலம் தொடங்கினால் யேர்மனியில் வாழும் எமது பெண்களின் கைப்பைகளில் கட்டாயம் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். சிலரிடம் ஊரிலிருந்து வந்த சித்தாலேப டப்பி, சிலரிடம் சிங்கப்பூர்க் கோடாலித் தைலம், இன்னும் சிலரிடம் இங்குள்ள அப்போதேக்கேயில் வாங்கிய பெப்பர்மின்ற் எண்ணெய் அல்லது "ஜப்பானிய மின்ஸ்ஓல்". தலையிடி, தடிமன், வயிற்றுப்பொருமல், பஸ்ஸில் சத்தி வருவது என்று எல்லாவற்றுக்கும் அதுதான் கைமருந்து. சனிக்கிழமைகளில் தமிழாலய வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்தப் போத்தலைப் பற்றியதே. "இதைக் குடிக்கலாமா?", "சமையலுக்குப் போடலாமா?", "பிள்ளைக்குப் பூசலாமா?" என்ற மூன்றும் அடிக்கடி வரும். மூன்றாவது கேள்விக்குத்தான் இக்கட்டுரையில் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். பெப்பர்மின்ற் என்பது எமது புதினா அல்ல. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடிகள். நீர்ப்புதினாவும் தோட்டப் புதினாவும் தாமாகவே கலந்து உண்டான கலப்புச் செடிதான் பெப்பர்மின்ற். 1696 இல் இங்கிலாந்தில் ஜோன் ரே என்ற தாவரவியலாளர் அதை முதன்முதலாகப் பதிவு செய்தார். கலப்புச் செடியாகையால் அதன் விதையை நம்பிப் பயிரிட முடியாது, வேர்த்தண்டைப் பிரித்து நட்டுத்தான் பெருக்குவார்கள். புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பெப்பர்மின்றின் குளிர்ச்சிக்குக் காரணம் மெந்தோல். அதனால்தான் புதினாச் சம்பலுக்குள் இலைக்குப் பதிலாக ஒரு துளி பெப்பர்மின்ற் எண்ணெய் விட்டால் சம்பல் பற்பசை போல ஆகிவிடுகிறது. எனது மைத்துனி ஒரு தடவை அப்படிச் செய்து, வந்த விருந்தினர் எல்லாரும் தோசையைச் சீனியோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்!

யேர்மனியர்களுக்கும் இந்தச் செடிக்கும் உள்ள உறவு பழையது. மூன்கன் நகருக்கு மேற்கே ஐகெனாவ் என்ற ஊர் ஒரு காலத்தில் பெப்பர்மின்ற் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. தோட்டங்கள் போய்விட்டாலும் அங்கே இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வுக்குழு 2004 இல் பெப்பர்மின்றை அந்த ஆண்டின் மருந்துச் செடியாகத் தெரிவு செய்தது. பிள்ளைகள் விரும்பும் பெஸ் இனிப்பின் பெயர்கூட பெஃபர்மின்ஸ் என்ற டொச் சொல்லின் முதல், நடு, கடைசி எழுத்துக்களைச் சேர்த்து 1927 இல் வியன்னாவில் வைத்த பெயர்தான். அப்போது அது பிள்ளைகளுக்கான இனிப்பு அல்ல, பெரியவர்களுக்கான பெப்பர்மின்ற் வில்லை.

"ஜப்பானிய" மின்ஸ்ஓல் என்று எழுதியிருப்பது வேறொரு புதினா இனத்தின் எண்ணெய். பெயர்தான் ஜப்பானியம். இன்று உலகச் சந்தைக்கு வரும் இந்த வகை எண்ணெயின் பெரும்பகுதி இந்தியாவில், குறிப்பாக உத்தரப் பிரதேசத்துப் பாரபங்கி போன்ற மாவட்டங்களில் வடிக்கப்படுவது. ஊர்த் தைலம் வேண்டாம், இங்குள்ளதுதான் நல்லது என்று வாங்குபவர்கள் இதையும் தெரிந்துகொள்ளலாம்.

தலையிடிக்கு இது உண்மையில் கேட்குமா? கேட்கும் என்பதை இந்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். கீல் நகரத்து நரம்பியல் மருத்துவர் ஹார்ட்முட் கோபெல் தலைமையிலான குழுவினர், இறுக்கத்தால் வரும் தலையிடி உள்ள 41 பேரிடம், மதுசாரத்தில் கரைத்த 10 வீதப் பெப்பர்மின்ற் எண்ணெயையும் 1000 மில்லிகிராம் பரசிட்டமோலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 1996 இல் வெளிவந்தன. நெற்றியிலும் பொட்டிலும் பூசிய எண்ணெய் பதினைந்து நிமிடத்திலேயே வேலை செய்யத் தொடங்கியது. பரசிட்டமோலுக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மாதத்தில் பல நாட்கள் குளிசை விழுங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏனெனில் தலையிடிக் குளிசையை அடிக்கடி போடுவதாலேயே தலையிடி வரும் நிலையும் உண்டு. ஆனால் இந்தச் சோதனை கழுத்தும் தலையும் இறுகிப் பிடிக்கும் சாதாரண தலையிடியில் செய்யப்பட்டது. ஒற்றைத் தலையிடிக்கும் இதுவே போதும் என்று எண்ண வேண்டாம். திடீரென்று இடி விழுந்தது போல வரும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலையிடி, கை கால் மரத்துப்போகும் தலையிடி ஆகியவற்றுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கக் கூடாது, உடனே 112 ஐ அழையுங்கள்.

பூசும் முறை எளிது. 10 வீதக் கரைசலாகவே அப்போதேக்கேயில் கிடைக்கும், அதுதான் நல்லது. தனி எண்ணெயை அப்படியே பூசினால் சிலருக்குத் தோல் எரிந்து சிவக்கும். நெற்றியிலும் இரண்டு பொட்டிலும் மெல்லப் பூசுங்கள், கண்ணுக்குக் கிட்டப் போகக் கூடாது. தேவையென்றால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பூசலாம். பூசிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கி அவதிப்பட்டவர்கள் எமக்குள் நிறையப் பேர்.

அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான விடயம். தோல் உண்மையில் அவ்வளவு குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பு நுனியில் உள்ள ஒரு புரதத்தை மெந்தோல் தட்டி எழுப்புகிறது, மூளை "குளிர்கிறது" என்று நம்பிவிடுகிறது. மெந்தோலைக் கொண்டே 2002 இல் அந்தப் புரதத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தவர்களில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சூட்டையும் தொடுகையையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்த வேலையோடு சேர்ந்த பரிசு அது. மூக்கடைப்புக்கும் இதே கதைதான். எண்ணெயை முகர்ந்தால் மூக்குத் திறந்தது போல இருக்கும். உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும், காற்று நன்றாகப் போகிறது என்ற உணர்வு மட்டும் கூடும். பெரியவர்களுக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல்.

கைக்குழந்தைகளுக்கு அப்படியல்ல. இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள அம்மம்மா, அப்பம்மாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எனது மூத்த மகனுக்கு அப்போது நாலு மாதம். தடிமன் பிடித்து மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, எங்களையெல்லாம் வளர்த்த அதே அன்போடு, விரல் நுனியில் தைலத்தைத் தொட்டு அவனுடைய மூக்குக்குக் கீழே தடவினார். அடுத்த கணம் பிள்ளையின் அழுகை நின்றது. சுகம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பார்த்தால் வாய் திறந்தபடி இருக்கிறது, மூச்சு இல்லை, உதடு நீலம். கணவர் 112 ஐ அழைக்க, நான் ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அவனைத் தூக்கி வைத்திருந்தேன். சில விநாடிகள்தான் இருக்கும், எனக்கு அது ஒரு நாள் போல இருந்தது. பிறகு ஒரு பெரிய இழுப்போடு அழத் தொடங்கினான். வைத்தியசாலையில் ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். அம்மா அன்றிரவு முழுவதும் ஒரு வாய் சோறும் சாப்பிடவில்லை.

நடந்தது என்னவென்று அங்கிருந்த பெண் மருத்துவர் விளக்கினார். கடுமையான மணப்பொருள் குழந்தையின் மூக்குச் சவ்வில் படும்போது குரல்வளை சட்டென்று மூடிக்கொள்ளலாம், மூச்சும் நின்றுபோகலாம். 1870 இல் கிராட்ஷ்மர் என்பவர் விபரித்ததால் இதற்கு அவருடைய பெயரே வழங்குகிறது. பெப்பர்மின்ற் எண்ணெய், மெந்தோல், கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய் எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. எமது தைலங்களில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். ஊர் மருந்து, மூலிகை மருந்து என்பதால் பாதிப்பு வராது என்பது தவறான நம்பிக்கை. "நீங்கள் எல்லாரும் இதில்தானே வளர்ந்தீர்கள்" என்று எமது தாய்மார் சொல்வது உண்மைதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடப்பதில்லை. எந்தப் பிள்ளைக்கு நடக்கும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை என்பதே பிரச்சினை.

எனவே இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூக்கு, முகம், நெஞ்சு எங்கும் இவற்றைப் பூசக் கூடாது. தலையணையில் துளி விடுவதும், தொட்டிலுக்குப் பக்கத்தில் வாசனை விளக்கில் ஊற்றுவதும் வேண்டாம். மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் "சொய்க்லிங்" (கைக்குழந்தை), "கிளைன்கின்ட்" (சிறுபிள்ளை) என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள், எந்த வயதிலிருந்து பாவிக்கலாம் என்று அங்கே இருக்கும். தலையிடிக்கான 10 வீதக் கரைசல் ஆறு வயதுக்கு மேல்தான். ஆஸ்துமா உள்ளவர்களும், வலிப்பு வந்த பிள்ளைகளின் பெற்றோரும் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம். குழந்தையின் மூக்கடைப்புக்கு அப்போதேக்கேயில் உப்புநீர்த் துளி கிடைக்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு மூக்குத்துவாரத்திலும் ஒரு துளி விட்டால் போதும். அறையை அதிகம் சூடாக்காமல், காற்றோட்டமாக வைத்திருங்கள்.

பிள்ளை போத்தலைத் திறந்து குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் 112. இல்லையென்றால் நஞ்சுத் தகவல் நிலையத்தை அழைத்துச் சொல்வதைச் செய்யுங்கள்: பேர்லின் 030 19240, பொன் 0228 19240, மைன்ஸ் 06131 19240, மூன்கன் 089 19240. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், பெயரைக் கேட்பார்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். பெப்பர்மின்ற் எண்ணெய் குடலின் தசைகளைத் தளர்த்தும். குடல் எரிச்சல் நோயில் வரும் வயிற்றுப் பிடிப்புக்கு இதை யேர்மனிய மருத்துவச் சங்கங்களின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது. ஆனால் போத்தலிலிருந்து கரண்டியில் ஊற்றிக் குடிப்பதல்ல அது. "மாகென்சாஃப்ட்றெசிஸ்டென்ட்" என்று எழுதிய கூட்டுக்குளிசையாக, சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன், கடிக்காமல் விழுங்க வேண்டும். இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்த் திறக்கும் உறை அது. நெஞ்செரிவு மருந்தை அதே நேரத்தில் எடுத்தால் உறை முன்னதாகவே கரைந்துவிடும். உணவுக்குழாயின் கீழ் வாயிலையும் பெப்பர்மின்ற் தளர்த்துவதால், நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு அது கூடும். பித்தப்பைக் கல் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

சாதாரண பொருமலுக்குத் தேநீரே போதும். ஒரு மேசைக்கரண்டி காய்ந்த இலைக்கு ஒரு கோப்பை கொதிநீர். மூடி போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். மூடாவிட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது பச்சைத் தண்ணீர்தான்.

உணவகக் குசினிகளில் நின்று வேலை செய்யும் சகோதரர்கள் கால் ஊறவைக்கக் கேட்கிறார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து தோலைச் சுடும். இரண்டு துளியை ஒரு மேசைக்கரண்டி பாலாடையில் கலந்து பிறகு இளஞ்சூட்டு நீரில் விடுங்கள். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்கள் இதைத் தவிர்க்கவும்.

சமையலுக்கு? வாசனைக்கென்று விற்கும் எண்ணெயைச் சாப்பாட்டில் சேர்க்க வேண்டாம். "ரவும்டுஃப்ட்" என்று இருந்தால் அது அறை மணத்துக்கு மட்டுமே. உணவுக்கு உகந்தது என்று தெளிவாக எழுதியதை வாங்குங்கள். அளவு துளிக் கணக்கில்தான், நேரே சட்டியில் ஊற்றவே கூடாது, கை தவறினால் எல்லாம் வீண். எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் செய்யும் தேங்காய் ரொபிக்கு இப்படிச் சேர்ப்போம்: இரண்டு கப் தேங்காய்ப்பூ, இரண்டு கப் சீனி, அரைக் கப் பால் மூன்றையும் அடிப்பிடிக்காமல் கிண்டுங்கள். சட்டியை விட்டுத் திரண்டு வரும்போது அடுப்பை அணையுங்கள். ஒரு தேக்கரண்டி உருகிய பட்டரில் ஒரேயொரு துளி எண்ணெயைக் கலந்து, அதை ரொபியில் விட்டு விரைவாகக் கிளறித் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் மணம் முழுவதும் குசினிக்குத்தான். வெட்டி ஆறிய பிறகு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், மறுநாள்தான் சுவை சரியாகச் சேர்ந்திருக்கும். எண்ணெய்ப் போத்தலை இறுக மூடி மேல் தட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். எங்கள் வீட்டில் அதை அங்கே வைப்பவர் இப்போது அம்மாதான்.