கண் சிவந்தால் என்ன செய்வது?

2023 ஜூலையில் யமுனை பெருக்கெடுத்ததைத் தொடர்ந்து தில்லியில் கண்நோய் வேகமாகப் பரவியது. நாம் 'மெட்ராஸ் ஐ' என்பதை இங்குள்ளவர்கள் 'ஆங்க் ஆனா' என்பார்கள். விழியின் வெண்பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் அழற்சி இது.

பெரும்பாலும் வைரஸால் வருகிறது. நோயாளியைப் பார்ப்பதால் ஒட்டாது. கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் ஒட்டும். ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒற்றிக்கொண்டால் இதமாக இருக்கும்.

மஞ்சள் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு உண்டு. இரு கண்ணிலும் அரிப்பே அதிகமென்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. பிள்ளைகளைக் கசக்க விடாதீர்கள். குளிர்காலப் புகைமூட்டத்தில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால் கண் வறட்சியாக இருக்கலாம்; செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு உதவும்.

ஆக, சிவப்பு ஒன்று, காரணம் பல. மருந்துக்கடையில் பொதுவாக 'ஒரு சொட்டு மருந்து' கேட்டால் ஸ்டீராய்டு கலந்தது கிடைக்கக்கூடும். சிவப்பு சீக்கிரம் மறையும். ஆனால் மருத்துவர் கண்காணிப்பின்றி மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகலாம். அப்படிப் போன பார்வை திரும்பாது. ரயில்வேயில் சிவப்பு விளக்கைக் கண்டால் அதை அணைக்க மாட்டோம், காரணத்தைத்தான் கேட்போம். கண்ணுக்கும் அதுவே முறை. தாய்ப்பால், பன்னீர் விடுவதும் வேண்டாம்.

வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தாலோ, கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தாலோ கருவிழி பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையம் 1967 முதல் நம் தில்லியிலேயே இருக்கிறது.