கார்டைக் கழற்றினால் காசும் போகும்

தாராவியிலிருந்து நவி மும்பை வாஷிக்கு ஃபிளாட் வேலைக்குப் போகும் நம் தச்சர்கள் பலர், இரும்பு தேய்க்கும் நாலு இன்ச் கிரைண்டரில் பல் பிளேடை மாட்டி பிளைவுட் அறுக்கிறார்கள். பெரிய பிளேடு என்றால் இடிக்கிறது என்று பாதுகாப்பு மூடியான கார்டையும் கழற்றிவிடுகிறார்கள்.

கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். மரம் அறுக்கும் ஏழு இன்ச் மிஷினுக்கு அதில் பாதிதான். சுவிட்சிலிருந்து கையை எடுத்தால் இந்த மிஷின் நின்றுவிடும், கீழ்க் கார்டும் தானே மூடிக்கொள்ளும். கிரைண்டரின் தள்ளு சுவிட்ச் கை நழுவினாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். மரக்கணுவிலோ ஆணியிலோ பல் சிக்கினால், பிடித்திருப்பவர் மேலேயே துள்ளி விழும்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த ஒரு விதி பலருக்குத் தெரியவில்லை. கொடுத்திருந்த பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் அடிபட்டிருந்தால், உயிர்போனாலோ முழு நிரந்தர ஊனமானாலோ தவிர, இழப்பீடு கிடையாது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே விதிதான். கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீத ஊனம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுக்காரருக்கு இது சுமார் 5,61,000 ரூபாய். கார்டைக் கழற்றியவர் இதையும் இழக்கிறார். மிஷினே கார்டு இல்லாமல்தான் கொடுக்கப்பட்டதா? அப்படியானால் உரிமை போகாது. வேலை தொடங்கும் முன்பே அதைப் போட்டோ எடுத்து கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கார்டு கேளுங்கள்.

அடிபட்டதும் கான்ட்ராக்டர் சொல்வது ஒன்றுதான்: "வீட்டில் விழுந்ததாகச் சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்." சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி கேஸ் பேப்பரில் "வேலையிடத்தில், மிஷினால்" என்று எழுதச் சொல்லி, இடத்தின் முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரம் என்று டாக்டர் தட்டிக்கழித்தாலும் விடாதீர்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வழக்குகள் நொண்டியடிக்கின்றன.

அடுத்தது, நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சி. வாஷி சொசைட்டிகளின் கேட் ரிஜிஸ்டரில் உங்கள் பெயரும் நேரமும் இருக்கும். அந்தப் பக்கத்தை உடனே போட்டோ எடுக்க ஆள் அனுப்புங்கள். கூலி வந்த ஜிபே விவரத்தையும் அழிக்காதீர்கள். விபத்து நடந்த நாள், இடம், காரணம் எழுதி கான்ட்ராக்டருக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓடிப்போனாலும், அவருக்கு வேலை கொடுத்த இன்டீரியர் கம்பெனியும் பொறுப்பாகும்.

மனுவை இழப்பீட்டு அதிகாரியிடம் போட வேண்டும். வாஷி தாணே மாவட்டம் என்று தாராவிக்காரர்களைத் திருப்பி அனுப்புகிற குமாஸ்தாக்கள் உண்டு. அது தவறு. விபத்து எங்கே நடந்திருந்தாலும், குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டவர் அங்கேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள். இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு வழி வேறு: இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

விரல் துண்டானால் அதை நேரடியாக ஐஸில் போடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து, ஒட்டு அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள்.