மென்பொருள் வல்லுநரும் மாற்றுத் தொழிலும்

நமது நாட்டில் மென்பொருள் தொழில் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. 1970-ல் மத்திய அரசில் மின்னணுத் துறை அமைக்கப்பட்டது. 1984-ன் கணிப்பொறிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1991-ல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்னும் அமைப்பு உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைத் தீர்க்கும் பணிகள் இத்தொழிலுக்குப் பெரும் ஊக்கம் அளித்தன. இன்று தகவல் தொழில்நுட்பத் துறையில் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் நேரடியாகப் பணியாற்றுகின்றனர். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இளைஞர்களாக இத்துறையில் சேர்ந்தவர்கள் இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டனர். இவர்களில் பலர் வேறு தொழிலுக்கு மாறலாமா என்று எண்ணத் தொடங்கியுள்ளனர்.

காரணங்கள்

மென்பொருள் சேவை நிறுவனங்களின் பணியாளர் அமைப்பு ஒரு கோபுரத்தைப் போன்றது. அடித்தளம் அகன்றது; உச்சி குறுகியது. வாடிக்கையாளரிடம் பணி நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் பெறும் முறையில், ஆண்டுதோறும் உயரும் ஊதியம் ஒரு கட்டத்தில் நிறுவனத்திற்குச் சுமையாகிவிடுகிறது. நிரல் எழுதுவதில் வல்லவர், விருப்பமில்லாவிடினும், நிர்வாகப் பொறுப்புக்குத் தள்ளப்படுகிறார். 2022-ன் இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவி, எளிய நிரல்களைத் தாமே எழுதத் தொடங்கியிருப்பதும் கவலையைக் கூட்டியுள்ளது. வெளிநாட்டு நேரத்தை ஒட்டிய இரவுப் பணியால் உண்டாகும் அயர்ச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எதை மாற்றுவது?

மாற்றத்தை நாடுவோர் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். வெறுப்புத் தொழிலின்மீதா, நிறுவனத்தின்மீதா, அல்லது பணி நேரத்தின்மீதா? பிந்தைய இரண்டாயின், தொழிலைத் துறக்காமலே தீர்வு காண இயலும்.

தொழிலையே மாற்றுவதாயினும், பெற்ற அனுபவம் வீணாவதில்லை. வங்கிகளுக்குப் பதினைந்து ஆண்டுகள் மென்பொருள் உருவாக்கியவர், வட்டிக் கணக்கீடு, கணக்குச் சரிபார்ப்பு, தணிக்கை ஆகியவற்றின் நுட்பங்களையும் கற்றிருப்பார். தகவல் பாதுகாப்பு, கணினித் தணிக்கை, தேவைப் பகுப்பாய்வு போன்ற துறைகளில் இவ்வறிவு மதிக்கப்படும். ஆசிரியப் பணியை நாடுவோர் அதற்குரிய தகுதியைப் பெற்றாக வேண்டும். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராவதற்கு முதுநிலைப் பட்டம் தேவை. அப்படிப்பில் சேர உதவும் ‘கேட்’ தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. 2003-ல் தொடங்கப்பட்ட ‘என்.பி.டி.இ.எல்.’, 2017-ல் தொடங்கப்பட்ட ‘ஸ்வயம்’ ஆகியவற்றின் பாடங்களை இலவசமாகக் கற்று, புதிய துறை தமக்கு ஏற்றதா என்று வேலையில் இருக்கும்போதே சோதித்துப் பார்க்கலாம்.

குடும்பக் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 60,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 40,000 ரூபாய் எனக் கொள்வோம். வேலையை விட்டு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணம் நீங்கலாகவே 24 லட்சம் ரூபாய் தேவைப்படும். இத்தொகை கையில் இல்லாதபோது, துணைவரின் வருமானத்தையோ பகுதிநேரப் பணியையோ முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேறு சிலவும் கவனத்திற்குரியவை. தொடர்ச்சியான ஐந்தாண்டுப் பணிக்குமுன் வருங்கால வைப்பு நிதியை எடுத்தால், பொதுவாக வருமான வரி செலுத்த நேரிடும். 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக உள்ளோர், பத்தாண்டுப் பணி நிறைவு செய்தால்தான் மாத ஓய்வூதியம் பெறத் தகுதியுடையவராவர். நிறுவனம் அளித்த கூட்டு மருத்துவக் காப்பீடு பணியோடு முடிந்துவிடுமாதலால், விலகுமுன்பே தனிக் காப்பீடு எடுத்தல் நலம்.

பணி ஒப்பந்தத்தில் காணப்படும் தடைகளைக் கண்டு சிலர் அஞ்சுவதுண்டு. பணியிலிருந்து விலகியபின் ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆயினும், முன்னறிவிப்புக் காலத்தையும் நிறுவனத்தின் இரகசியங்களையும் காக்கும் கடமை நீங்குவதில்லை.

நாட்டின் நலன்

அனுபவம் மிக்க ஒருவர் துறை மாறுவதை இழப்பாகவே கருத வேண்டியதில்லை. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு 2022-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்தகைய பணிகளுக்கும், மருத்துவமனை, சிறுதொழில், கல்விக்கூடம் ஆகியவற்றிற்கும், கணிப்பொறியை அறிந்தவரும் அதைப் பிறருக்கு விளக்கத் தெரிந்தவருமான மனிதர்கள் தேவை. பெருநகர நிறுவனங்களில் திரண்ட அறிவு அங்கெல்லாம் சென்று சேருமாயின், அது நாட்டுக்கு ஆதாயமே. ஆனால், அம்மாற்றம் அயர்ச்சியில் எடுத்த அவசர முடிவாக இராமல், கணக்கிட்டுத் திட்டமிட்டதாக அமைய வேண்டும். அப்போதுதான் அது தனிமனிதருக்கும் அவரை நம்பியுள்ள குடும்பத்திற்கும் நன்மை பயக்கும்.