காற்றுப் புகாத சேறு

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு ஓடையைவிட்டுச் சற்றே ஒதுங்கி, துடுப்பு சேற்றில் இறங்கினால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழும். சுற்றுலா வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கடலோரச் சூழலை ஆராய்பவர்களுக்கோ அது நல்ல சேதி. நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. சேற்றின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது என்பதற்கு அது அடையாளம். அங்கே மட்கவைக்கும் வேலை, கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் நுண்ணுயிர்களிடம் போய்ச் சேர்கிறது. அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். மேட்டுக்காட்டில் சில ஆண்டுகளில் மட்கிக் காற்றோடு கலந்துவிடும் வேர், இங்கே நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன், மரம் பட்டுப்போன பிறகும் திரும்பிப் போக வழியின்றிச் சேற்றிலேயே தங்குகிறது.

பருவநிலை பற்றிய பேச்சில் எவ்வளவு கார்பன் என்ற கேள்விதான் எப்போதும் முன்னால் நிற்கிறது. எவ்வளவு காலம் என்ற கேள்வியை அதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்பேன். இலையில் சேர்ந்த கார்பனுக்கு ஆயுள் சில மாதம். அடிமரத்தில் சில பத்தாண்டு. சேற்றில் சில ஆயிரம் ஆண்டு. ஆழ்கடல் வண்டலில் புதைந்துவிட்டால் பல லட்சம் ஆண்டு.

முதலில் இருப்பைப் பார்த்துவிடலாம். காற்று மண்டலத்தில் இப்போது சுமார் 88,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. நிலத்திலுள்ள மரம், செடி, கொடி எல்லாவற்றையும் சேர்த்தால் அதில் ஏறக்குறைய பாதி, சுமார் 45,000 கோடி டன். மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் 1.5 லட்சம் கோடி டன்; காற்றிலும் காட்டிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. கடலில் 38 லட்சம் கோடி டன். (ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு உண்டாகும். செய்திகளில் இரண்டு கணக்கும் மாறி மாறி வருவதால்தான் எண்கள் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. இங்கே சொல்வதெல்லாம் கார்பன் கணக்கு.)

நிலத்துத் தாவரங்கள் ஆண்டுக்கு 12,000 கோடி டன் கார்பனை உள்ளே இழுக்கின்றன. மூச்சுவிடுவதாலும் மட்குவதாலும் ஏறத்தாழ அத்தனையும் திரும்பிவிடுகிறது. கடலுக்கும் காற்றுக்கும் இடையே சுமார் 8,000 கோடி டன் இப்படியே போய்வருகிறது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து நாம் சேர்ப்பது ஆண்டுக்கு 1,000 கோடி டன். பெரிய வரவு செலவுக்கு நடுவே சின்னத் தொகைதான். ஆனால் இது பல கோடி ஆண்டுகளாகச் சுற்றுக்கு வெளியே பூமிக்கடியில் கிடந்த கார்பன். மேலே வந்துவிட்டால் அதே வேகத்தில் கீழே அனுப்ப வழியில்லை. காடழிப்பையும் சேர்த்து மனிதர்கள் வெளியேற்றுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காற்றில் நிற்கிறது. கால் பங்கைக் கடலும், மீதியை நிலமும் எடுத்துக்கொள்கின்றன.

கடல் வாங்கிக்கொள்ளும் விதம்

கரியமில வாயு கடல்நீரில் வாயுவாகவே கரைந்து நிற்பது கொஞ்சம்தான். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மற்றதெல்லாம் நீரோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் மாறிவிடுகிறது. கடலில் இவ்வளவு கார்பன் அடங்கியிருப்பதன் ரகசியம் இந்த வேதிவினைதான். அதனாலேயே கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1957-இல் ரோஜர் ரெவலும் ஹான்ஸ் சூஸும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. காற்றில் கரியமில வாயு 10 சதவீதம் கூடினால், கடலின் மேல்நீரில் கார்பன் சுமார் 1 சதவீதம்தான் கூடும். புதிதாகக் கரையும் ஒவ்வொரு பங்கும் நீரிலுள்ள கார்பனேட்டைச் செலவழித்து, அடுத்த பங்குக்கான இடத்தைக் குறைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேல்நீரின் பிஎச் அளவு இன்று 8.1-க்கு அருகில் வந்துவிட்டது. 0.1 என்றால் அற்பமாகத் தெரியும். பிஎச் மடங்குக் கணக்கு என்பதால் அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். கார்பனேட்டைக் கொண்டே ஓடு கட்டும் சிப்பிக்கும் பவளத்துக்கும் இது நேரடியான நெருக்கடி.

குளிர்ந்த சோடாவில் வாயு அடங்கியிருக்கும், வெயிலில் வைத்த சோடாவில் நிற்காது. கடலும் அப்படித்தான். கிரீன்லாந்தை ஒட்டியும் அண்டார்டிகாவைச் சுற்றியும் உறைநிலைக்கு அருகிலுள்ள நீர் வாயுவை நிறைய ஏற்றுக்கொண்டு, கனம் கூடி, ஆழத்துக்கு இறங்குகிறது. இறங்கிய நீர் மறுபடி மேலே வரச் சில நூறு ஆண்டுகள், சில பாதைகளில் ஆயிரம் ஆண்டுகள் ஆகும். உயிரினங்களின் வழியாகவும் கார்பன் கீழே போகிறது. மிதவைப் பாசிகள் கார்பனை உணவாக்குகின்றன. நுண்ணிய விலங்குகள் இரவில் மேலே வந்து அவற்றைத் தின்று பகலில் ஆழத்துக்கு இறங்குகின்றன. கழிவும் செத்த உடலும் துகள் துகளாகக் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன் இப்படி வெயில்படும் அடுக்கைவிட்டு இறங்குகிறது. வழியிலேயே பெரும்பாலானதைப் பிற உயிர்கள் தின்றுதீர்த்துவிடும். தரையில் நிலையாகப் புதைவது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

நம் நாட்டின் இருபுறமுள்ள கடல்கள் இந்த விஷயத்தில் ஒன்றுபோல நடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரம் வேகமாக வீசும்போது மேல்நீர் ஒதுங்கி, கார்பன் மிகுந்த ஆழ்நீர் மேலே வருகிறது. அரபிக்கடல் அப்போது கரியமில வாயுவைக் காற்றுக்குக் கொடுக்கிறது. கடல் என்றாலே உறிஞ்சும் பஞ்சு என்று எழுதிவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வங்கக்கடலில் ஆற்றுநீரும் மழைநீரும் உப்புக் குறைந்த அடுக்காக மேலே பரவியிருப்பதால் அப்படிக் கலப்பது குறைவு.

வங்கக்கடலின் பெருமை அடியில் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அது கடலடிச் சரிவுகளில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து, இலங்கையையும் தாண்டித் தெற்கே சுமார் 3,000 கிலோமீட்டர் பரவி, உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறியாகக் கிடக்கிறது. இமயமலைச் சரிவின் இலையும் வேரும் மண்ணும் அந்த வண்டலோடு சேர்ந்தே புதைகின்றன. நிலத்திலிருந்து வந்து உலகக் கடலடியில் புதையும் கரிமப் பொருளில் 10 முதல் 20 சதவீதம் இங்கே அடங்குகிறது என்று 2007-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அது பிழைத்திருக்க இரண்டு காரணங்கள்: வண்டல் விழும் வேகம் அதிகம், விழுந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவு. மட்குவதற்குள் அடுத்த அடுக்கு வந்து மூடிவிடுகிறது.

மண்ணில் பாதுகாப்பது யார்?

மண்ணில் கார்பன் என்றால் மட்காத சருகு என்று பலர் நினைக்கிறார்கள். நிலைத்து நிற்பதில் பெரும்பகுதி, சருகைத் தின்ற நுண்ணுயிர்களின் செத்த உடல். அது களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டால் மற்ற உயிர்களால் எளிதில் தொட முடியாது. அதனால் களி மிகுந்த மண் மணற்பாங்கான மண்ணைவிட அதிகமாகத் தேக்கும். வெப்பம் இதற்கு எதிரி. தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலான வயல்களில் கரிமச்சத்து நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் கறுப்பில் கனிமத்துக்கும் பெரும் பங்குண்டு. தொடர்ந்து உழும்போது மண்கட்டிகள் உடைந்து, மறைந்திருந்ததெல்லாம் காற்றுக்கும் நுண்ணுயிருக்கும் வெளிப்படுகிறது. தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் மடக்கி உழுதால் மண் வளம் பெறும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கார்பனில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டில் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீலகிரி இதற்கு விதிவிலக்கு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில், புல்வெளிச் சரிவுகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில், குளிரும் ஈரமும் சேர்ந்து செடிகளை மட்கவிடாமல் அடுக்கடுக்காகச் சேர்த்துவைத்திருக்கின்றன. அந்தக் கரிச்சேற்றின் கார்பனில் மரங்கள் விட்ட தடமும் வெப்பமண்டலப் புற்கள் விட்ட தடமும் வேறுவேறு. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய ஆய்வாளர்கள் அதை அடுக்கு அடுக்காகப் பகுத்து, 20,000 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்த வரலாற்றை 1993-இல் வெளியிட்டார்கள். அதே மலையில் புல்வெளியை வெற்றிடமாக எண்ணி யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டது பெரும்பிழை. கண்ணுக்குத் தெரியும் கார்பன் மேலே கூடியது. தண்ணீர் தாகம் மிகுந்த அந்த மரங்கள் ஓடைகளின் நீரைக் குறைத்தன. பள்ளம் காய்ந்தால் கீழே இருக்கும் கார்பனுக்கு என்ன ஆகும் என்று நட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நெல்வயலும் நீர் நின்று காற்றுப் புகாத சேறுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்னீரில் சல்பேட் குறைவு. அங்கே மட்கும் வேலையை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன; மீத்தேனோ கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். உப்புச் சேற்றில் சல்பேட் நுண்ணுயிர்கள் போட்டியில் வென்றுவிடுவதால் மீத்தேன் குறைகிறது. உப்பும் ஈரமும் ஆக்சிஜன் இல்லாமையும் ஒரே இடத்தில் சேர்வதுதான் கடலோரத்தின் தனிச்சிறப்பு.

அலை ஏறி இறங்கும் இடம்

அலையாத்திக் காடு, கடற்புல், உப்புச் சதுப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 'நீலக் கார்பன்' என்ற பெயர் 2009-இல் வெளியான ஐநா சுற்றுச்சூழல் திட்ட அறிக்கையிலிருந்து பரவியது. 2011-இல் இந்தோ-பசிபிக் பகுதி அலையாத்திக் காடுகளை அளந்தபோது சராசரியாக ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன் இருப்பது தெரிந்தது. ஆராய்ச்சியாளர்களை வியக்கவைத்தது அதன் இருப்பிடம்: இடத்துக்கு இடம் 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணில் இருந்தது. படகுத்துறையில் படம் எடுத்துக்கொள்ளும் மரங்கள் கணக்கில் இரண்டாம் இடம்தான். மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற கடற்புல், செத்த வேரும் தண்டும் மணலுமாகப் பல மீட்டர் தடிமனுள்ள மெத்தையையே கட்டியிருக்கிறது. அடியில் உள்ளது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழையது. பாக் விரிகுடாவில் அவ்வளவு தடிமன் கிடையாது. ஆனால் கடற்பசு மேயும் பெரிய கடற்புல் வெளிகள் இங்கே உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இழுவலை அந்தத் தரையைக் கிளறும்போது புல் போவது உறுதி. கிளறப்பட்ட கார்பனில் எவ்வளவு காற்றுக்கு ஏறும் என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை.

தென்கிழக்கு ஆசியாவில் அலையாத்தியை அழித்தவற்றில் முதன்மையானது இறால் குட்டை. சேற்றைத் தோண்டிக் கரை போட்டால் அதுவரை ஆக்சிஜன் காணாத மண் வெயிலில் காய்கிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது சில ஆண்டுகளில் ஆவியாகிறது. சேற்றிலிருந்த இரும்பு சல்பைடு கந்தக அமிலமாகி, அந்தக் குட்டையையே பாழாக்குகிறது.

வெட்டினாலே போதும், தோண்டக்கூட வேண்டாம் என்பதற்குப் பிச்சாவரம் சாட்சி. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை அங்கே பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். நிழலிழந்த சேறு காய்ந்து அமிழ்ந்து, நடுவில் தொட்டிபோலப் பள்ளமானது. அலையேற்றத்தில் உள்ளே வந்த நீர் வெளியே போகவில்லை. வெயிலில் வற்றி, உப்பு ஏறி, விழுந்த விதை எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அந்தப் பள்ளங்களுக்குள் அலைநீரைப் போய்வரச் செய்தார்கள். உப்பு இறங்கியது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

நீரோட்டத்தைப் பார்க்காமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பின் அங்கே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்திக் கன்று நட்டார்கள். 2017-இல் வெளியான மதிப்பீட்டின்படி பிழைத்தது ஐந்தில் ஒரு பங்கு பரப்பில்தான். ஆய்வு செய்த 23 இடங்களில் 9-இல் ஒரு கன்றுகூட இல்லை. நடக்கூடாத மட்டத்தில், பொருந்தாத இனத்தை நட்டதே முக்கியக் காரணம்.

உலகிலுள்ள அலையாத்திக் காடுகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் புதைப்பது சுமார் 2.5 கோடி டன் கார்பன். நாம் எரிப்பதில் 400-இல் ஒரு பங்கு. கென்யாவின் காசி விரிகுடாவில் 117 ஹெக்டேர் அலையாத்தியைக் காக்கும் மீனவக் கிராமங்கள், 2013 முதல் கார்பன் வரவை (கார்பன் கிரெடிட்) விற்றுப் பள்ளிக்கும் குடிநீருக்கும் செலவிடுகின்றன; அது நல்ல காரியம். வாங்கும் நிறுவனம் அதைக் காட்டித் தன் புகைபோக்கிக்கு நியாயம் கற்பித்தால் கணக்கு உதைக்கும். சதுப்பில் புதைவதற்காக அல்ல, ஏற்கெனவே புதைந்திருப்பது வெளியே வராமல் இருப்பதற்காகவே இந்த இடங்களைக் காக்க வேண்டியிருக்கிறது.

அதற்குச் சேறு கடலோடு சேர்ந்து உயர வேண்டும். கடல்மட்டம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் அலையாத்தியால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம் என்று, பனியுகத்துக்குப் பிந்தைய வண்டல்களை ஆராய்ந்தவர்கள் 2020-இல் எச்சரித்தார்கள். உயரத் தேவையானது வேரும் வண்டலும். பிச்சாவரத்துக்கு வண்டல் வர வேண்டிய வழி, காவிரியின் கிளையான கொள்ளிடம். 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து காவிரி மலைப்பகுதியிலிருந்து கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது.