பருப்பொருளின் நிலைகள்: சுண்ணாம்புக்கல் வழி ஒரு விளக்கம்

நிறையும், இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையும் உடைய எதுவும் பருப்பொருள் எனப்படும். பருப்பொருள்கள் பொதுவாகத் திண்மம், நீர்மம், வாயு ஆகிய மூன்று நிலைகளில் காணப்படுகின்றன. அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், செந்துறைப் பகுதிகளில் சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைக்கிறது. சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருளான அக்கல்லைக் கொண்டே, நிலைமாற்றத்துக்கும் வேதிமாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் அறியலாம்.

மூன்று நிலைகள்

திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக அமைந்து, தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன. எனவே அதற்கு நிலையான வடிவமும் கனஅளவும் உண்டு. நீர்மத்தில் துகள்கள் நெருக்கமாக இருந்தாலும் ஒன்றையொன்று கடந்து நகர்கின்றன. எனவே கனஅளவு மாறாது. வடிவம் மட்டும் கொள்கலனுக்கு ஏற்ப மாறும். வாயுவில் துகள்கள் வெகுவாக விலகி, எல்லாத் திசைகளிலும் விரைந்து செல்கின்றன. எனவே வாயுவுக்கு நிலையான வடிவமோ கனஅளவோ இல்லை.

நிலைமாற்றம்

இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் பனிக்கட்டி 0 பாகை செல்சியசில் உருகும்; நீர் 100 பாகையில் கொதிக்கும். பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றிலும் இருப்பது அதே நீர் மூலக்கூறுதான். துகள்களின் அமைப்பும் இயக்கமும் மட்டுமே மாறுகின்றன. குளிர்வித்தால் பழைய நிலை திரும்பும். இது இயற்பியல் மாற்றம்.

சுண்ணாம்புக்கல் உருகுமா?

"எந்தத் திண்மத்தைச் சூடாக்கினாலும் உருகும்" என்று மாணவர்கள் பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. சுண்ணாம்புக்கல்லின் முதன்மைப் பகுதி கால்சியம் கார்பனேட்டு. திறந்த சூளையில் ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கினால் அது உருகாமல் சிதைகிறது. சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) என்னும் திண்மம் எஞ்சுகிறது. கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறுகிறது. இவை புதிய பொருள்கள். எனவே இது வேதிமாற்றம்.

வாயுவுக்கும் நிறை உண்டு

100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை முழுதும் சிதைத்தால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பே மிஞ்சும். குறைந்த 44 கிராம் அழிந்துவிடவில்லை. அது வாயுவின் நிறை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல்லிலிருந்து வெளிவரும் அவ்வாயு, அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர் இடத்தை அடைக்கும். இவ்வாறு எடை பார்த்தே, சுண்ணாம்பிலிருந்து பிரியும் வாயுவைப் பற்றிய தம் ஆய்வை ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜோசப் பிளாக் 1756இல் வெளியிட்டார். பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை உயராததைக் கண்டு, உள்ளுறை வெப்பம் என்னும் கருத்தைத் தந்தவரும் அவரே.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. நிறமும் மணமும் அற்றது. ஆகவே பாழ்கிணறு, ஆழ்குழி போன்ற காற்றோட்டமில்லாத இடங்களில் அடியில் தேங்கக்கூடும். அங்கே இறங்குவோர் மூச்சுத்திணறி இறக்க நேரிடும். விளக்கை இறக்கி, அது அணைந்தால் இறங்கக் கூடாது என்பது பழைய வழக்கம். ஆனால் விளக்கு அணையாவிட்டாலும் வேறு நச்சு வாயுக்கள் இருக்கலாம் என்பதால், அச்சோதனையை மட்டும் நம்புதல் ஆகாது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாத பொருள் அன்று என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

மீண்டும் கல்லாதல்

சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்தால் வெப்பம் வெளிப்பட்டு, நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். பொங்கலுக்கு முன் அதைக் கரைத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பது வழக்கம். பூசிய பூச்சு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. சூளையில் கல்லை விட்டுப் போன வாயுவின் இடத்தை, காற்றிலுள்ள அதே வகை வாயு வீட்டுச் சுவரில் வந்து நிரப்புகிறது.