புவிச்சரிதவியலாளர் ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமியைக் 'கலை விமர்சகர்' என்று மட்டும் எழுதிவிட்டு மாணவர் பலர் நின்றுவிடுகின்றனர். அவரது முதல் தொழில் புவிச்சரிதவியல் ஆகும். 1877இல் கொழும்பில், சேர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டுப் பணிப்பாளராக விளங்கினார்.

பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த பாரமான கறுப்புக் கனியமொன்றை 1904இல் யுரேனினைட்டு எனக் குறித்தார். அது புதிய கனியமெனக் கண்டவர் டன்ஸ்டன். தோரியம் நிறைந்திருந்ததால் 'தோரியனைட்டு' என்று பெயராயிற்று. (கண்டவர், பெயரிட்டவர் இருவரையும் மாற்றி எழுதாதீர்கள்!) நமது புல்மோட்டை மணலிலுள்ள மொனசைட்டிலும் தோரியம் உண்டு, ஆனால் அது வேறு கனியம்.

கல் தேடிக் கிராமங்களில் அலைந்தபோதுதான் கைவினைகள் அழிந்துவருவதைக் கண்டார். 1908இல் வெளியான 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூல் அதன் விளைவாகும்.